பதினெட்டு ஆட்டம், மூன்று வெற்றி

3-13-2. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு பருவம் முடிந்த பிறகு ஓர் அணியைப் பற்றி மிஞ்சுவது இப்படி ஒரு வரிதான். முதல் எண் வெற்றி, நடுவில் இருப்பது தோல்வி, கடைசி எண் டிரா. இது குறிப்பிட்ட எந்த அணியின் கணக்கும் இல்லை, உதாரணத்துக்கு நானே போட்டது. ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் பெண்கள் கால்பந்து முடிவுகளைப் புரட்டினால் இதற்கு அக்கம்பக்கத்தில் நிற்கும் அணிகள் நிறையவே அகப்படும். என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் முதல் டிவிஷனில் மட்டும் 330க்கும் மேற்பட்ட பெண்கள் அணிகள் ஆடுகின்றன. கடைசியில் தேசியப் போட்டிக்குள் நுழைவது 64. மற்றவர்களுக்குப் பருவம் அங்கேயே முடிந்துவிடும், அதுவும் பெரும்பாலும் யாரும் கவனிக்காமலே.

கோப்பை வாங்கும் அணியைப் பின்தொடர்வது சுலபம், ஆட்டமே கதையைச் சொல்லிவிடும். தோற்கிற அணியை ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பின்தொடர வேண்டுமானால் ஆட்டத்துக்கு வெளியே இருக்கும் பல விஷயங்கள் தெரிய வேண்டும். யாரோடு ஆட அட்டவணை போட்டார்கள், பெஞ்சில் எத்தனை பேர், எந்தக் கிழமையில் ஆட்டம், பயிற்சியாளர் வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்பதெல்லாம். இவற்றைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த 13 தோல்விகளில் பாதி, பந்து உருளும் முன்பே எழுதப்பட்டவை என்பது புரியும்.

முதலில், இத்தனை அணிகள் எப்படி வந்தன? அதற்கு 1972க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜூனில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத் திருத்தங்களில் ஒன்பதாவது பிரிவு, 'டைட்டில் நைன்'. மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் பாலின அடிப்படையில் யாரையும் விலக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் மொத்தமே 37 சொற்கள், அதில் விளையாட்டு என்ற பேச்சே கிடையாது. 1979ல் அரசு கொடுத்த விளக்கம்தான் அதை மைதானத்துக்குக் கொண்டுவந்தது. மாணவர் எண்ணிக்கையில் பெண்களின் விகிதம் என்னவோ, விளையாட்டு வீரர்களிலும் கிட்டத்தட்ட அந்த விகிதம் இருந்தால் கல்லூரி தப்பிக்கும். வேறு இரண்டு வழிகளும் உண்டு என்றாலும், எண்ணிக் காட்ட முடிகிற வழி இதுதான்.

இங்கே கல்லூரிகளுக்கு ஒரு சிக்கல். அமெரிக்க ஃபுட்பால், அதாவது தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மோதும் அந்த ஆட்டம், ஒரே அணியில் நூறு ஆண்களுக்கு மேல் வைத்துக்கொள்ளும். பெரிய பல்கலைக்கழகங்களில் அதற்கு மட்டும் 85 முழு உதவித்தொகைகள் போயின. அதற்கு ஈடான பெண்கள் ஆட்டம் எதுவும் இல்லை. தராசின் மறுதட்டில் வைக்க, ஆள் நிறைய வேண்டும், செலவு குறைவாக வேண்டும் என்று தேடியவர்களுக்குக் கால்பந்து கச்சிதமாகப் பொருந்தியது. மைதானம் ஒன்று, பந்துகள் கொஞ்சம், 25, 30 பெண்கள். என்.சி.ஏ.ஏ. முதல் பெண்கள் கால்பந்துக் கோப்பையை நடத்திய 1982 வாக்கில் இந்த ஆட்டம் இருந்த கல்லூரிகள் சுமார் 80. இன்று மூன்று டிவிஷன்களையும் சேர்த்தால் ஆயிரத்தை ஒட்டி வருகிறது. முதல் டிவிஷனில் ஆண்கள் அணிகளைவிடப் பெண்கள் அணிகள் நூறுக்கும் மேல் அதிகம். கால்பந்து உலகில் இப்படி ஒரு காட்சியை வேறெங்கும் பார்ப்பது கஷ்டம்.

இன்னொரு கட்டாயமும் உண்டு. முதல் டிவிஷனில் இருக்க வேண்டுமானால் ஒரு கல்லூரி குறைந்தது 14 விளையாட்டுகளை நடத்தியாக வேண்டும். கூடைப்பந்துக்காகவே அந்த டிவிஷனில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கல்லூரிகளுக்குப் பெண்கள் கால்பந்து அந்தப் பதினாலில் ஒன்று. மூன்றாவது டிவிஷனில் கதை வேறு மாதிரி. அங்கே விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. ஆனால் அணியில் சேர வரும் 28 பெண்களும் கல்விக் கட்டணம் கட்டும் 28 மாணவிகள். மாணவர் சேர்க்கை குறைந்து தவிக்கும் கல்லூரிக்கு அது பெரிய விஷயம்.

ஆக, அணி இருந்தாக வேண்டும் என்ற தேவை ஒன்று, அணி ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை இன்னொன்று. இரண்டும் ஒரே அலுவலகத்திலிருந்து வந்தாலும் ஒரே அளவு பணத்தோடு வருவதில்லை. இதைக் குறையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எண்ணிக்கைக்காகத் தொடங்கிய அணியாக இருந்தாலும், அதில் ஆடும் பெண்ணுக்கு அது நிஜமான அணிதான். சட்டம் இல்லாவிட்டால் அவளுக்கு அந்த ஜெர்சியே இல்லை.

சரி, பருவத்துக்கு வருவோம்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் முகாம். மற்ற மாணவர்கள் விடுமுறையில் இருக்கும்போதே விடுதியில் இவர்கள் மட்டும் வந்து சேர்வார்கள். பீப் ஒலிக்கு ஏற்ப வேகம் கூட்டி ஓடும் பீப் டெஸ்ட், இரு வேளைப் பயிற்சி, ஐஸ் தொட்டி. ஆகஸ்ட் நடுவில் முதல் ஆட்டம். முந்தைய வருடம் என்ன நடந்திருந்தாலும் ஆகஸ்டில் எல்லா அணிக்கும் 0-0-0. தோற்ற அணியின் பேட்டிகள் ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒரே மாதிரி இருக்கும்: இந்த வருடம் எங்களுக்குள் ஒட்டுதல் அதிகம், பயிற்சியில் வேகம் கூடியிருக்கிறது. பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. பயிற்சியில் அவர்கள் ஆடுவது அவர்களோடுதான், அங்கே யாராவது ஜெயித்துத்தான் ஆக வேண்டும்.

முதல் ஏழெட்டு ஆட்டங்கள் கான்ஃபரன்ஸுக்கு வெளியே. கான்ஃபரன்ஸ் என்பது பத்துப் பன்னிரண்டு அல்லது அதற்கும் மேற்பட்ட கல்லூரிகள் சேர்ந்த குழு. அதன் உள்ளே நடக்கும் ஆட்டங்கள்தான் புள்ளிப் பட்டியலைத் தீர்மானிக்கும். வெளி ஆட்டங்களை யாரோடு ஆடுவது என்பது பயிற்சியாளரின் முடிவு. பலவீனமான அணியின் பயிற்சியாளருக்கு இது தலைவலி பிடித்த வேலை. காரணம் ஆர்.பி.ஐ. என்ற தரக் கணக்கு. இந்தக் கணக்கில் ஓர் அணி தானே ஜெயித்த விகிதத்துக்கு 25 சதவீத எடைதான். அது சந்தித்த எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50. எதிரணிகளின் எதிரணிகளுக்கு மீதி 25. அதாவது நீ எவ்வளவு ஜெயித்தாய் என்பதைவிட யாரோடு ஆடினாய் என்பதற்கு எடை கூடுதல். தேசியப் போட்டியை எதிர்பார்க்கும் வலுவான அணி, அடிமட்ட அணியோடு ஆடினால் 5-0 என்று ஜெயித்தும் கணக்கில் இடிபடலாம். அதனால் அவர்கள் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் தங்கள் மைதானத்துக்குத்தான்.

எனவே பலவீனமான அணியின் செப்டம்பர் இரண்டு விதமாக அமையும். ஒன்று, தன்னைப் போன்ற அணிகளையே தேடிப்பிடித்து இரண்டு மூன்று வெற்றிகளைச் சேர்த்துக்கொள்வது. அப்புறம் கான்ஃபரன்ஸில் அடி விழும்போது அதிர்ச்சி பெரிதாக இருக்கும். இல்லையென்றால், வலுவான இடங்களுக்குப் பஸ் ஏறிப் போய், நல்ல அணியோடு ஆடி, தோற்றுத் திரும்புவது. பார்க்கிறவர்கள் வெற்றிக் கணக்கை மட்டும் பார்த்து முதல் வகைப் பயிற்சியாளரைப் புகழ்வார்கள். எனக்கு இரண்டாவது வகை மேல் மரியாதை அதிகம், ஆனால் வேலை போவதும் அவருக்குத்தான் முதலில்.

செப்டம்பர் நடுவில் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் தொடங்கியதும் தாளம் மாறும். பெரும்பாலும் வியாழன் இரவு ஓர் ஆட்டம், ஞாயிறு பகல் இன்னொன்று. தொழில்முறை கால்பந்தில் நான்கு நாளில் இரண்டு ஆட்டம் என்றால் புலம்புவார்கள். இங்கே வாரம்தோறும் இதுதான் வழக்கம், நடுவில் வகுப்பும் தேர்வும் வேறு. பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் விளையாட்டு வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதியில் ஓர் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம்தான் கணக்கு, போய்வரும் பயண நேரம் கணக்கிலேயே வராது. 2024ல் பெரிய கான்ஃபரன்ஸ்கள் மாறியமைந்த பிறகு பயணம் கண்டபடி நீண்டுவிட்டது. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இப்போது ஆடுவது அட்லாண்டிக் கரை கான்ஃபரன்ஸில். பெயரை மாற்றவும் யாருக்கும் தோன்றவில்லை.

இந்த வியாழன்-ஞாயிறு ஏற்பாட்டில் எல்லா அணியும்தான் களைக்கிறது, பிறகு ஏன் சில அணிகள் மட்டும் சரிகின்றன? பதில் பெஞ்சில் இருக்கிறது. உலகக் கோப்பையில் ஒரு வீராங்கனை வெளியே வந்தால் அவ்வளவுதான், திரும்ப இறங்க முடியாது. மாற்று ஆட்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. கல்லூரி விதி தாராளமானது. முதல் பாதியில் வெளியே வந்தவர் அந்தப் பாதியில் திரும்ப முடியாது, ஆனால் இரண்டாம் பாதியில் மறுபடி இறங்கலாம். அந்தப் பாதியில் ஒருமுறை வெளியே வந்து திரும்பவும் போகலாம். நல்ல அணி அரை மணி நேரம் ஆனதும் முன்வரிசை மொத்தத்தையும் மாற்றிவிடும். இறங்கும் மூன்று பேரும் போனவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. பலவீனமான அணியிடம் முதல் பதினொருவர் ஓரளவு சமமாக ஆடுவார்கள், பன்னிரண்டாவது ஆளிலிருந்து இறக்கம் தொடங்கும். அதனால் அவர்களே 90 நிமிடமும் ஓடுவார்கள், இல்லையென்றால் இறக்கத்தை ஏற்க வேண்டியதுதான். இடைவேளை வரை 0-0, 70வது நிமிடத்துக்குப் பிறகு மூன்று கோல் என்று ஒரு முடிவைப் பார்த்தால், அங்கே நடந்தது பெரும்பாலும் இதுதான். மன உறுதி இல்லை என்று வர்ணனையாளர் சொல்வார். எனக்கென்னவோ அது கால்களின் கணக்காகத்தான் தெரிகிறது.

இதில் முழங்கால் வேறு. ஏ.சி.எல். என்ற முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பது நீண்ட நாளாகத் தெரிந்த விஷயம். உடலமைப்பு, குதித்து இறங்கும் விதம், தசைப் பயிற்சி, தரை என்று காரணங்கள் பல, எது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. கிழிந்தால் அறுவை சிகிச்சை, திரும்ப ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம். பெரும்பாலும் யாரும் மோதாமலே நடக்கும். ஓடிக்கொண்டே திரும்புவாள், காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நல்ல அணிக்கு அது இழப்பு. நடுக்களத்தில் ஒரே ஒருத்தியை நம்பி இருக்கும் அணிக்குச் செப்டம்பரிலேயே பருவம் முடிந்த மாதிரி. மருத்துவக் காரணத்துக்காக அந்த வருடத்தை அவளுடைய நான்கு ஆட்ட வருடக் கணக்கில் சேர்க்காமல் விடும் ஏற்பாடு உண்டு, ஆனால் அது அவளுக்கு உதவும், இந்த வருட அணிக்கு உதவாது.

இனி, கோல் கணக்கு. கால்பந்தில் கோல் அரிது. கூடைப்பந்தில் நூறு முறை பந்து கைமாறும், அதில் சிறந்த அணி மேலே வந்துவிடும். இங்கே ஒரு கார்னர், கையில் பந்து பட்ட ஒரு தவறு, கம்பத்தில் பட்டு வெளியே போன ஒரு ஷாட், ஆட்டம் முடிந்துவிடும். அதனால் 3-13-2 என்ற வரியைப் பார்த்ததும் முதலில் தேட வேண்டியது, 13ல் எத்தனை ஒரு கோல் தோல்வி என்பதை. ஆறு என்றால் அது கிட்டத்தட்ட நடுத்தர அணி, அதிர்ஷ்டமும் கோலடிக்கும் ஆளும் இல்லை. ஒன்று என்றால் அடித்தளமே ஆடுகிறது. பட்டியலில் இரண்டு அணியும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.

டிராவிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2021 வரை 90 நிமிடத்தில் சமன் என்றால் பத்துப் பத்து நிமிடமாகக் கூடுதல் நேரம், முதல் கோல் அடித்தவர் ஜெயித்தார். 2022 முதல் சாதாரண ஆட்டங்களுக்குக் கூடுதல் நேரத்தை எடுத்துவிட்டார்கள். களைத்த அணிக்கு அந்த இருபது நிமிடம் எமன் மாதிரி இருந்தது. இப்போது 90 நிமிடம் தாக்குப்பிடித்தால் ஒரு புள்ளி நிச்சயம். பத்துப் பேரும் தங்கள் பெனால்டி பெட்டிக்குள் வந்து நின்று பந்தைக் கண்ட இடத்துக்கு உதைப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. தொடர்ந்து எட்டு ஆட்டம் தோற்ற அணிக்கு 0-0 என்றால் என்ன என்பது, கடைசி விசிலுக்குப் பிறகு அவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்வதைப் பார்த்தால் தெரியும்.

இந்த மாதிரி அணியில் எனக்குப் பிடித்த ஆள் கோல்கீப்பர். தோற்கும் அணியின் கோல்கீப்பர் பல சமயம் தடுத்த ஷாட்களின் பட்டியலில் கான்ஃபரன்ஸிலேயே முதலிடத்தில் இருப்பாள். காரணம் எளிது, அவளை நோக்கித்தான் ஷாட்கள் வருகின்றன. சாம்பியன் அணியின் கோல்கீப்பர் ஓர் ஆட்டத்தில் இரண்டு பந்து பிடித்துவிட்டு 'கோல் விடாத ஆட்டம்' என்று பெயர் வாங்குவாள். இவள் பதினொன்றைத் தடுத்து, நான்கை விட்டு, தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறுவாள்.

அக்டோபர் நடுவில் கணக்கு முடிந்துவிடும். பல கான்ஃபரன்ஸ்களில் இறுதிப் போட்டித் தொடருக்கு மேலே உள்ள சில அணிகளுக்குத்தான் இடம். இனி எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தாலும் அந்த இடம் இல்லை என்று ஆன பிறகும் நான்கைந்து ஆட்டங்கள் பாக்கி இருக்கும். பயிற்சியாளர் முதல் வருட மாணவிகளை இறக்கிப் பார்ப்பார். நான்கு வருடம் ஆடிய சீனியர்களுக்கு நிமிடம் குறையும், அதைச் சொல்லும் பேச்சு எந்த அணியிலும் இனிமையாக இருக்காது. வீட்டு மைதானத்தின் கடைசி ஆட்டம் 'சீனியர் டே'. அப்பா அம்மாவோடு நடுக்களம் வரை நடந்து, பூங்கொத்து வாங்கி, போட்டோ எடுத்து, அப்புறம் ஆட்டம். தோற்கும் அணியைப் பின்தொடர்கிறவர்கள் வேறெதைத் தவறவிட்டாலும் இந்தக் கடைசி ஆட்டங்களைத் தவறவிடக் கூடாது. பட்டியலில் எதுவும் மாறாது என்று தெரிந்தே ஒருத்தி எண்பதாவது நிமிடத்தில் பந்துக்காகச் சறுக்கி விழுகிறாளா இல்லையா என்பதில் அணியின் நிலைமை தெரிந்துவிடும். பயிற்சியாளரை இன்னும் நம்புகிறார்களா என்பதும்.

பலவீனம் என்பது சின்னக் கல்லூரிகளின் வியாதி மட்டும் இல்லை. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பணத்துக்குப் பஞ்சமில்லாத இடம். 1995ல் பெண்கள் கால்பந்து தொடங்கி, நான்காவது பருவத்திலேயே, 1998ல், தேசியக் கோப்பையை வாங்கியது. அதுவும் இறுதி ஆட்டத்தில் வட கரோலினாவை 1-0 என்று வீழ்த்தி. 1986 முதல் 1994 வரை தொடர்ந்து ஒன்பது கோப்பை வாங்கிய வட கரோலினா. அந்த ஃபுளோரிடா அணியில் முதல் வருட மாணவியாக ஆடியவர் ஆபி வாம்பாக், பின்னாளில் உலகக் கோப்பை வென்றவர். தொடக்கத்திலிருந்து 26 பருவங்கள் பயிற்சியாளராக இருந்த பெக்கி பர்லி 2021ல் ஓய்வு பெற்றார். அரிசோனாவிலிருந்து புதியவர் வந்தார். அந்த 2021 பருவம் 4-12-4. அடுத்த ஏப்ரலில், ஒரே பருவத்தோடு அவர் நீக்கப்பட்டார். அவருக்கும் வீராங்கனைகளில் பலருக்கும் இடையே ஒட்டவில்லை என்பதே பல்கலைக்கழகம் சொன்ன காரணம். மூன்றாவது பயிற்சியாளராக சமந்தா போஹன் வந்த பிறகும் 2022ல் அணி எழுந்திருக்கவில்லை.

ஏன் உடனே எழ முடியாது? ஒரு பயிற்சியாளர் களத்தில் இறக்கும் அணி அவர் தேர்ந்தெடுத்த அணியாக இருக்கச் சில வருடங்கள் பிடிக்கும். பள்ளி மாணவிகளோடு பயிற்சியாளர்கள் நேரடியாகப் பேச அனுமதிப்பது, அவர்கள் பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் 15 முதல். அந்தப் பெண் கல்லூரி அணிக்கு வந்து ஆட அதிலிருந்து இரண்டு வருடம். வந்து பழகி முழு ஆட்டக்காரியாக ஆக இன்னும் ஒன்று. அதுவரை முந்தையவர் அவருடைய ஆட்ட முறைக்காகச் சேர்த்த பெண்களை வைத்துத்தான் புதியவர் தன் ஆட்டத்தை ஆட வேண்டும். மூன்றாம் வருடமே பொறுமை இழக்கும் நிர்வாகம், விதைத்தவரை அனுப்பிவிட்டு அறுப்பதற்கு இன்னொருவரைக் கூப்பிடுகிறது.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க இப்போது ஒரு குறுக்குவழி இருக்கிறது: டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் இந்த இணையப் பதிவேடு 2018ல் வந்தது. முன்பு கல்லூரி மாறினால் சில விளையாட்டுகளில் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021ல் ஒருமுறை மாறுவதற்கு அந்தத் தடை போயிற்று. 2024ல், படிப்பில் பிரச்சினை இல்லாதவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆனது. ஏமாற்றத்தில் இருக்கும் முதல் வருட மாணவிக்கு இது விடுதலை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தோற்கும் அணி அக்டோபரில் கஷ்டப்பட்டு நிமிடம் கொடுத்து வளர்த்த பெண், அணி அடித்த பதினாறு கோல்களில் ஏழு கோல்களை அடித்திருந்தால், அவளுடைய ஃபோன் நவம்பரில் ஓயாது.

பணமும் இதோடு சேர்ந்துகொண்டது. முதல் டிவிஷனில் ஒரு பெண்கள் அணிக்கு மொத்தம் 14 உதவித்தொகைகள் என்ற வரம்பு இருந்தது. நம் ஊர் ஸ்போர்ட்ஸ் கோட்டா போல ஆளுக்கு ஒரு சீட் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பதினாலை உடைத்து, ஒருத்திக்குப் பாதி, இன்னொருத்திக்குக் கால் பங்கு என்று 25 பேருக்குப் பங்கிடுவார்கள். கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்.சி.ஏ.ஏ. மீது தொடுக்கப்பட்டது ஹவுஸ் வழக்கு. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட அதன் சமரசத்தில் அந்த வரம்பு போய், அணிக்கு 28 பேர் என்ற வரம்பு வந்தது. சமரசத்தில் சேர்ந்த கல்லூரி விரும்பினால் 28 பேருக்கும் முழுத் தொகை கொடுக்கலாம். பதினாலையே நிரப்பப் பணம் இல்லாத கல்லூரிகளுக்கு இந்த விருப்பம் காகிதத்தில்தான். மேலே இருப்பவர்களைக் கொஞ்சமாவது பிடித்துவைத்த கயிறு அந்தப் பழைய வரம்பு.

ஆகவே அந்த அணியின் பருவம் நவம்பரில் முடிவதாக வைத்துக்கொள்ள முடியாது. கான்ஃபரன்ஸ் தொடர் நடக்கும்போது இவர்கள் ஏற்கெனவே ஜிம்மில் இருப்பார்கள், பயிற்சியாளர் அறைக்குள் ஒவ்வொருவராகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டு வருவார்கள். தங்குகிறாயா, போகிறாயா, எத்தனை நிமிடம் கிடைக்கும், தொகை கூடுமா. அங்கே பேசியது வெளியே வராது. ஆகஸ்டில் கல்லூரிப் பக்கத்தில் புதிய வீராங்கனைகளின் பட்டியல் வரும், பெயர், உயரம், ஊர், ஆடும் இடம். போன வருடப் பட்டியலை இன்னொரு ஜன்னலில் திறந்து வைத்துக்கொண்டு, அக்டோபரில் இறங்கிய முதல் வருடப் பெண்களில் எத்தனை பெயர் மிச்சம் என்று எண்ண வேண்டும். கோல்கீப்பரின் பெயர் இருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன்.